பிரசவச் செலவும் எச்எஸ்ஏ கணக்கும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் வேலை பார்க்கும் நம் குடும்பங்களில், முதல் பிள்ளை உண்டாகும்போதுதான் பலரும் இன்ஷூரன்ஸ் தாளை முழுதாகப் படிக்கிறார்கள். மாதாமாதம் சம்பளத்தில் பிடித்துச் சேரும் எச்எஸ்ஏ பணம் எதற்கெல்லாம் ஆகும் என்ற கேள்வியும் அப்போதுதான் எழுகிறது. ஆகும் செலவுக்கும் சிலர் கைக்காசைப் போடுகிறார்கள். ஆகாத சாமானுக்கு எச்எஸ்ஏ அட்டையைத் தேய்த்துவிட்டு அபராதம் கட்டுகிறவர்களும் உண்டு. இரண்டும் நடக்க வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். வரம்புத் தொகைகள் 2026-ஆம் ஆண்டுக்குரியவை. சொல்லியிருப்பது மத்திய அரசின் வரி விதிகளை. மாநிலம் வேறுபடும் இடத்தைத் தனியாகக் குறித்திருக்கிறேன்.

எச்எஸ்ஏ என்பது சரியாக என்ன?

டிடக்டிபிள் (இன்ஷூரன்ஸ் பணம் தரத் தொடங்கும் முன் வருடத்துக்கு நாமே கட்ட வேண்டிய தொகை) அதிகமுள்ள இன்ஷூரன்ஸ் எடுத்தவர்கள், மருத்துவச் செலவுக்கென்று வரி இல்லாமல் பணம் சேர்க்கும் கணக்கு. 2004 ஜனவரியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. 2026-ல் உங்கள் திட்டத்தின் டிடக்டிபிள் தனிநபருக்குக் குறைந்தது 1,700 டாலரும் குடும்பத்துக்கு 3,400 டாலரும் இருக்க வேண்டும். வருடத்துக்குத் தனிநபர் 4,400 டாலர், குடும்பம் 8,750 டாலர் வரை போடலாம். கம்பெனி போடுவதும் இந்த வரம்புக்குள்தான் வரும். போடும்போதும் வரி இல்லை, வளரும்போதும் இல்லை, மருத்துவச் செலவுக்கு எடுக்கும்போதும் இல்லை. சம்பளத்திலேயே பிடித்தால் சோஷியல் செக்யூரிட்டி, மெடிகேர் வரியும் மிச்சம். வருடம் முடிந்தால் பணம் போய்விடாது. வேலை மாறினாலும் உங்களுடையதுதான்.

எந்தச் சாமான் செல்லும், எது செல்லாது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கடையில் ஒவ்வொரு சாமானாகப் பட்டியலில் தேடுவதைவிட, அமெரிக்க வரித்துறையான ஐஆர்எஸ் எப்படி யோசிக்கிறது என்று தெரிந்துகொண்டால் பாதிக் கேள்விக்கு நீங்களே பதில் சொல்லிவிடலாம். நோயைக் கண்டறிய, குணப்படுத்த, தடுக்க, அல்லது உடம்பின் அமைப்பிலோ செயல்பாட்டிலோ மாற்றம் உண்டாக்கச் செய்யும் செலவுதான் சட்டத்தின் பார்வையில் மருத்துவச் செலவு.

பிரெஸ்ட் பம்பின் கதை இதற்கு நல்ல உதாரணம். 2010 வரை ஐஆர்எஸ் அதை ஏற்கவில்லை. தாய்ப்பால் குழந்தைக்குச் சாப்பாடு, சாப்பாட்டுக்கு மருத்துவச் சலுகை கிடையாது என்பது அதன் வாதம். தாய்மார்களும் குழந்தை மருத்துவர்களும் அதை எதிர்த்துக் குரல் கொடுத்தார்கள். 2011 பிப்ரவரியில் ஐஆர்எஸ் ஓர் அறிவிப்பு வெளியிட்டு நிலையை மாற்றிக்கொண்டது. பிரசவ சிகிச்சை எப்படித் தாயின் உடம்பைச் சேர்ந்த விஷயமோ, பால் சுரப்பும் அப்படித்தான் என்று ஒப்புக்கொண்டது. எனக்கு இது சின்ன மாற்றமாகத் தெரியவில்லை. பிள்ளை பெற்றவளின் உடம்பைக் கணக்கில் எடுத்துக்கொண்டு எழுதிய விதி அது.

ஆகவே எதை வாங்கும்போதும் கேட்டுக்கொள்ள வேண்டியது இதுதான்: இது தாயின் அல்லது குழந்தையின் உடம்புக்கான வைத்தியமா, இல்லை சாப்பாடு, துணிமணி, வீட்டுச் சாமானா?

பிரெஸ்ட் பம்பை எச்எஸ்ஏ அட்டையிலேயே வாங்கிவிடட்டுமா?

கொஞ்சம் பொறுங்கள். முதலில் இன்ஷூரன்ஸைக் கேளுங்கள். ஒபாமா காலத்துச் சுகாதாரச் சட்டப்படி, பெரும்பாலான திட்டங்கள் பம்பையும் தாய்ப்பால் ஆலோசனையையும் உங்களிடம் பணம் வாங்காமல் தர வேண்டும். இது நோய்த்தடுப்புச் சேவை என்ற கணக்கில் வருவதால் டிடக்டிபிளும் குறுக்கே வராது. எந்த மாடல், வாடகைக்கா சொந்தமாகவா, பிரசவத்துக்கு முன்பா பின்பா என்பதெல்லாம் திட்டத்துக்குத் திட்டம் மாறும். ஏழாம் மாதம் வாக்கில் ஒரு போன் போட்டு, எந்தக் கடை மூலம் வாங்க வேண்டும், டாக்டர் சீட்டு வேண்டுமா என்று கேட்டுவிடுங்கள். சும்மா கிடைக்கும் பொருளுக்குச் சேமிப்பைக் கரைக்க வேண்டாமே.

எச்எஸ்ஏ அதற்கு அப்புறம்தான். இன்ஷூரன்ஸ் தரும் சாதாரண பம்ப் வேண்டாம், உடைக்குள் வைத்துக்கொள்ளும் வகை வேண்டும் என்றால் சப்ளையர் ஒரு கூடுதல் தொகை கேட்பார். அதை எச்எஸ்ஏவில் கட்டலாம். ஆபீசுக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று என்று இரண்டாவது பம்ப் வாங்கினாலும், ஆஸ்பத்திரி வகை பம்பை வாடகைக்கு எடுத்தாலும் செல்லும்.

பம்போடு வாங்கும் மற்ற சாமான்கள்?

மார்பில் பொருத்தும் கூம்பு, வால்வு, டியூப், பால் சேமிக்கும் பைகள், காம்பு வெடிப்புக்குப் போடும் களிம்பு, பால் கட்டிக்கொண்டால் வைக்கும் ஒத்தடப் பை, கசியும் பாலுக்கான பேட் ஆகியவை பால் சுரப்புக்கு உதவும் சாமான்கள் என்று பொதுவாக ஏற்கப்படுகின்றன. பாட்டிலில்தான் கவனம் வேண்டும். பம்ப் செட்டோடு வரும் பாட்டில் பிரச்சினை இல்லை. சேமித்து வைக்கவென்று தனியாக வாங்கிக் குவிக்கும் பாட்டில்கள் செல்லாது என்று ஐஆர்எஸ் தன் 502-ஆம் எண் வெளியீட்டில் நேராகவே எழுதியிருக்கிறது.

கர்ப்பகால உடைகள், நர்சிங் பிரா?

கர்ப்பகால உடை செல்லாது. இதில் சந்தேகமே இல்லை. நர்சிங் பிராவையும் துணிமணிக் கணக்கில் வைத்துக்கொள்வதே பத்திரம். முதுகுவலி, இடுப்புவலி என்று டாக்டர் எழுதிக்கொடுத்த வயிற்றுத் தாங்கு பெல்ட், கால் வீக்கத்துக்கான இறுக்கக் காலுறை போன்றவை வேறு ரகம். டாக்டரின் கடிதம் ஒன்று கையில் இருந்தால் அவற்றைத் தயங்காமல் வாங்கலாம்.

பிரசவத்துக்குப் பிறகு வேண்டிய பேட், வலி மாத்திரை?

செல்லும். 2020 மார்ச்சில் வந்த கேர்ஸ் சட்டம் சானிட்டரி பேட், டாம்பான், கப் போன்ற மாதவிடாய்ப் பொருட்களைச் சேர்த்தது. சீட்டு இல்லாமல் வாங்கும் மருந்துகளுக்கு இருந்த தடையையும் எடுத்துவிட்டது. அதற்கு முன்னால் சாதாரண வலி மாத்திரைக்குக்கூட டாக்டரிடம் சீட்டு எழுதி வாங்க வேண்டியிருந்தது. கர்ப்பமா என்று பார்க்கும் டெஸ்ட் கிட்டும் செல்லும்.

பிரசவ லேகியம், பத்தியச் சாப்பாடு, விட்டமின்?

லேகியம், பூண்டு, சுக்கு, பால்சுறா என்று பச்சை உடம்புக்காரிக்கு நம் வீட்டில் பார்த்துப் பார்த்துச் செய்வது எல்லாம் ஐஆர்எஸ் கண்ணில் சாப்பாடுதான். எச்எஸ்ஏவில் வாங்க முடியாது. பால் சுரப்புக்கென்று விற்கும் பிஸ்கட், டீத்தூள் வகைகளிலும் கவனமாக இருங்கள். பெட்டியில் என்ன எழுதியிருந்தாலும் உணவுப்பொருள் உணவுப்பொருள்தான்.

விட்டமின் மாத்திரைகள் பொதுவாகச் செல்லாது. டாக்டர் குறிப்பிட்ட ஒரு பிரச்சினைக்காகச் சொல்லியிருக்க வேண்டும். கர்ப்பிணிகளுக்கான பிரீநேட்டல் விட்டமினைப் பெரும்பாலான கணக்கு நிர்வாகிகள் ஏற்கிறார்கள். இரும்புச்சத்து குறைவு என்று டாக்டர் எழுதித் தந்த மாத்திரைக்கு அந்தச் சீட்டையே ஆதாரமாக வைத்துக்கொள்ளுங்கள். ஊரிலிருந்து சூட்கேசில் வரவழைக்கும் மருந்துகளை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம். வெளிநாட்டிலிருந்து கொண்டுவரும் மருந்தை ஐஆர்எஸ் ஏற்பதில்லை.

பிரசவம் பார்க்க அம்மா ஊரிலிருந்து வருகிறார். டிக்கெட், விசிட்டர் இன்ஷூரன்ஸ் போட முடியுமா?

முடியாது. அம்மா வந்து குளிப்பாட்டி, சமைத்து, இரவு விழித்துப் பார்த்துக்கொள்வதற்கு எந்த நர்சும் ஈடில்லை. ஆனால் பயணச் செலவு மருத்துவச் செலவாகாது. இன்ஷூரன்ஸ் பிரீமியமும் சில விலக்குகள் தவிர எச்எஸ்ஏவில் கட்டக் கூடாது. இங்கே வந்த இடத்தில் அம்மாவுக்கு உடம்பு சரியில்லாமல் போனாலும் அதே கதைதான். கணவன், மனைவி, வரிக் கணக்கில் உங்களைச் சார்ந்தவர்கள் ஆகியோரின் செலவுக்கே இந்தப் பணம். இந்தியாவிலோ இலங்கையிலோ வசிக்கும் பெற்றோர் அந்த வரையறைக்குள் வருவதில்லை.

டூலா, இரவு நர்ஸ், பிரசவ வகுப்பு?

தாய்ப்பால் ஆலோசகர் கட்டணம் செல்லும். அதிலும் முதலில் இன்ஷூரன்ஸ். பிரசவ வலியைச் சமாளிக்கச் சொல்லித்தரும் வகுப்பில் தாய்க்கான பங்கு செல்லும்; கூட வரும் கணவருக்கான பங்கும், குழந்தை வளர்ப்புச் சொல்லித்தரும் பகுதியும் செல்லாது. பிரசவத்தின்போது கூடவே இருந்து துணை செய்யும் டூலா விஷயத்தில் நிர்வாகிகள் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. மருத்துவ ரீதியாகத் தேவை என்ற கடிதத்தை டாக்டரிடம் முன்கூட்டியே வாங்கி, நிர்வாகியிடம் கேட்டுவிட்டுப் பணம் கொடுங்கள்.

இரவில் குழந்தையைப் பார்த்துக்கொள்ள வைக்கும் நர்ஸ்தான் பலர் சறுக்கும் இடம். ஆரோக்கியமான பச்சிளங்குழந்தையைப் பார்த்துக்கொள்வது, படித்த நர்சே செய்தாலும், மருத்துவச் செலவு இல்லை. சிசேரியன் புண்ணுக்குக் கட்டுப் போட வரும் நர்ஸ் என்றால் அது தாய்க்கான சிகிச்சை, அது செல்லும்.

குழந்தைக்கு வேண்டியவை?

டயப்பர் செல்லாது. பால் பவுடர் செல்லாது. தொட்டில், ஸ்ட்ரோலர், கார் சீட் எதுவும் செல்லாது. ஜுரமானி, மூக்கடைப்புக்கு உப்புநீர்ச் சொட்டு, சளி உறிஞ்சி, டயப்பர் புண் களிம்பு, குழந்தைகளுக்கான ஜுர மருந்து இவை செல்லும். ஒரு நோய்க்காக விசேஷ பால் பவுடர்தான் தர வேண்டும் என்று டாக்டர் சொன்னால், டாக்டர் கடிதத்தோடு, சாதாரண பவுடருக்கு மேல் ஆகும் கூடுதல் விலையை மட்டும் பொதுவாக ஏற்கிறார்கள். தொப்புள்கொடி ரத்தச் சேமிப்புக்கு விளம்பரங்கள் விடாமல் வரும். பின்னால் எப்போதாவது உதவலாம் என்ற எண்ணத்தில் சேமிப்பது பொதுவாகச் செல்லாது.

ஆஸ்பத்திரி பில்தானே பெரிய செலவு? அதைப் பற்றிச் சொல்லுங்கள்.

ஆமாம், பம்பும் பேட்டும் சில நூறு டாலர் விஷயம். எச்எஸ்ஏ உண்மையில் கைகொடுப்பது பிரசவ பில்லில். டிடக்டிபிள், அதற்கு மேல் உங்கள் பங்கு, மயக்க மருந்து டாக்டர், லேப், ஸ்கேன் எல்லாம் செல்லும். டாக்டரிடம் காரில் போய்வந்த மைல் கணக்கு, பார்க்கிங், டோல்கூடச் செல்லும். 2025-ல் மைலுக்கு 21 சென்ட்.

பில் வரும் விதம் முதல் தடவை பார்ப்பவரைக் குழப்பும். பிரசவ டாக்டர் பெரும்பாலும் ஒவ்வொரு விசிட்டுக்கும் தனித்தனியாகப் பில் போடுவதில்லை. கர்ப்பகாலப் பரிசோதனை, பிரசவம், பிரசவத்துக்குப் பின் பார்ப்பது மூன்றையும் சேர்த்து ஒரே வரியாக, சுகப்பிரசவம் என்றால் 59400, சிசேரியன் என்றால் 59510 என்ற எண்ணில், பிள்ளை பிறந்த பிறகு இன்ஷூரன்ஸுக்கு அனுப்புவார். ஸ்கேனும் லேப்பும் இதில் சேராமல் முன்கூட்டியே தனியாக வரும். ஆஸ்பத்திரி பில் வேறு, மயக்க மருந்து டாக்டர் பில் வேறு. பிறந்த நிமிடத்திலிருந்து குழந்தை தனி நோயாளி. அதன் பெயரில் இன்னொரு பில் வரும், அதற்கும் டிடக்டிபிள் கணக்கு உண்டு.

பல டாக்டர் ஆபீசுகள் நடுமாதங்களிலேயே உங்கள் பங்கு இவ்வளவு ஆகும் என்று கணக்குப் போட்டு முன்பணம் கேட்பார்கள். தான் கட்டியது எவ்வளவு, உங்கள் பங்கு எவ்வளவு என்று இன்ஷூரன்ஸ் அனுப்பும் விளக்கத் தாள் வரும்வரை முழுதாகக் கட்ட வேண்டிய அவசியமில்லை, தவணை கேட்கலாம். கூடுதலாகக் கட்டிப் பின்னால் திரும்பி வந்தால், அந்தப் பணத்தை எச்எஸ்ஏவுக்கே திருப்பிச் செலுத்துங்கள்.

டிசம்பர் கடைசியில் தேதி குறித்திருந்தால் இன்னொன்றையும் பாருங்கள். ஜனவரி 1-ல் திட்டம் புதுப்பிக்கப்படுமானால் டிடக்டிபிளும் பூஜ்யத்திலிருந்து தொடங்கும். ஸ்கேனும் லேப்பும் பழைய வருட டிடக்டிபிளிலும் பிரசவம் புது வருட டிடக்டிபிளிலும் விழும். அதற்கேற்ப எச்எஸ்ஏவில் பணம் வைத்துக்கொள்ளுங்கள்.

கணக்கில் போதிய பணம் இல்லை. பில் வந்துவிட்டது. என்ன செய்வது?

கைக்காசிலோ தவணையிலோ கட்டிவிடுங்கள். அப்புறம் எச்எஸ்ஏவில் பணம் சேரச் சேர, கட்டிய தொகையை எடுத்துக்கொள்ளலாம். எடுப்பதற்குக் கெடு கிடையாது. இந்த வருடம் பிறந்த குழந்தையின் ஆஸ்பத்திரி செலவை, அது பள்ளிக்கூடம் போகும்போது எடுத்தாலும் வரி இல்லை.

நிபந்தனை ஒன்று உண்டு, இதைத் தயவுசெய்து மறக்காதீர்கள்: சிகிச்சை நடந்த நாளில் எச்எஸ்ஏ கணக்கு ஏற்கெனவே திறந்திருக்க வேண்டும். இன்ஷூரன்ஸ் ஜனவரியில் தொடங்கி, கணக்கை மார்ச்சில்தான் திறந்தீர்கள் என்றால், ஜனவரி, பிப்ரவரி ஸ்கேன் செலவுகளுக்கு அந்தப் பணம் ஆகாது. கணக்கில் எவ்வளவு இருந்தது என்பது கேள்வியில்லை, கணக்கு இருந்ததா என்பதுதான். பிள்ளை பெற்றுக்கொள்ளும் எண்ணம் இருக்கும் வருடத்தில், கொஞ்சம் பணம் போட்டாவது முதல் வேலையாகக் கணக்கைத் திறந்துவிடுங்கள்.

ரசீதை எப்படி வைத்துக்கொள்வது?

எச்எஸ்ஏ நிர்வாகி பெரும்பாலும் உங்களிடம் ரசீது கேட்க மாட்டார். கேட்கக்கூடியது ஐஆர்எஸ். வருடா வருடம் 8889 படிவத்தில் எடுத்த தொகையைக் காட்டுகிறீர்கள். ஆதாரம் உங்கள் கையில் இருக்க வேண்டும். அட்டை தேய்த்த சீட்டு மட்டும் போதாது. யாருக்கு, எந்தத் தேதியில், என்ன பொருள் அல்லது சிகிச்சை, எவ்வளவு என்று தெரிய வேண்டும். கடை ரசீதில் மை சில மாதத்திலேயே வெளிறிவிடும். அன்றே போனில் படம் எடுத்து ஒரு போல்டரில் போடுங்கள். இன்ஷூரன்ஸ் விளக்கத் தாளையும் அதோடு சேர்த்து வையுங்கள். டயப்பரும் காம்புக் களிம்பும் ஒரே பில்லில் வந்தால் பின்னால் பிரித்துக் காட்டுவது தொல்லை, எச்எஸ்ஏ சாமான்களுக்குத் தனி பில் போடச் சொல்லுங்கள்.

குழந்தை பிறந்தபின் வருட வரம்பு கூடுமா?

மனைவி தன் கம்பெனியில் தனிநபர் திட்டத்தில் இருந்து, குழந்தையைச் சேர்த்ததும் குடும்பத் திட்டமாகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு மாதமும் முதல் தேதியில் எந்தத் திட்டம் என்பதுதான் கணக்கு. குழந்தை ஆகஸ்ட் நடுவில் பிறந்தால் எட்டு மாதம் தனிநபர் வரம்பு, நாலு மாதம் குடும்ப வரம்பு. மொத்தம் 5,850 டாலர். டிசம்பர் 1-ல் குடும்பத் திட்டத்தில் இருப்பதை வைத்து முழு 8,750-ஐயும் போட ஒரு விதி இடம் தருகிறது. ஆனால் அடுத்த வருடம் டிசம்பர் 31 வரை தகுதி மாறாமல் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கூடுதலாகப் போட்டதற்கு வரியும் 10 சதவீத அபராதமும் வரும். வேலை நிச்சயமில்லாத காலத்தில் மாதக் கணக்கிலேயே போடுவது நிம்மதி.

எல்லாவற்றுக்கும் முன்னால், குழந்தையை இன்ஷூரன்ஸில் சேர்க்க மறக்காதீர்கள். கம்பெனித் திட்டங்கள் குறைந்தது 30 நாள் தருகின்றன. சேர்த்தால் பிறந்த தேதியிலிருந்தே செல்லும். சோஷியல் செக்யூரிட்டி எண் வரட்டும் என்று காத்திருந்து அந்த நாட்களைத் தவறவிட வேண்டாம்.

என் கணவருக்கு அவர் கம்பெனியில் எஃப்எஸ்ஏ இருக்கிறது. எனக்கு எச்எஸ்ஏ. பரவாயில்லையா?

பிரச்சினைதான். எஃப்எஸ்ஏ என்பது கம்பெனி மூலம் வரியில்லாமல் செலவுக்குப் பணம் ஒதுக்கும் வேறொரு கணக்கு. இருவரும் வேலைக்குப் போகும் வீடுகளில் இது தெரியாமலே நடக்கிறது. கணவரின் பொது மருத்துவ எஃப்எஸ்ஏ உங்கள் செலவுக்கும் பயன்படும் என்பதால், அது இருக்கும் வரை நீங்கள் எச்எஸ்ஏவில் பணம் போடத் தகுதியில்லாதவர். பல், கண் செலவுக்கு மட்டுமான எஃப்எஸ்ஏ என்றால் சிக்கல் இல்லை. குழந்தைக் காப்பகச் செலவுக்கான எஃப்எஸ்ஏ முற்றிலும் வேறு கணக்கு. அதையும் எச்எஸ்ஏவையும் சேர்த்தே வைத்துக்கொள்ளலாம். 2026-ல் அதன் வரம்பு 7,500 டாலராக உயர்ந்திருக்கிறது.

நாங்கள் கலிபோர்னியாவில் இருக்கிறோம். ஏதாவது வித்தியாசம் உண்டா?

உண்டு. கலிபோர்னியாவும் நியூ ஜெர்சியும் எச்எஸ்ஏவுக்கு மாநில வரிச் சலுகை தருவதில்லை. போடும் பணத்துக்கும், அதில் வரும் வட்டிக்கும் லாபத்துக்கும் மாநில வரி உண்டு. நம்மவர்கள் நிறைய வாழும் இரண்டு மாநிலங்கள் என்பதால் சொல்கிறேன். மத்திய வரிச் சலுகை அப்படியே கிடைக்கிறது.

பிரசவத்துக்கு ஊருக்கே போய்விடலாம் என்று நினைக்கிறோம். அங்கே ஆகும் செலவு?

சென்னையிலோ மதுரையிலோ யாழ்ப்பாணத்திலோ ஆஸ்பத்திரிக்குக் கட்டும் பணமும் மருத்துவச் செலவுதான். உங்கள் இன்ஷூரன்ஸ் அதை ஏற்காவிட்டாலும் எச்எஸ்ஏ பணத்தை எடுக்கலாம். தேதி, நோயாளி பெயர், சிகிச்சை விவரம் எழுதிய பில்லை வாங்கி, அன்றைய டாலர் மாற்று விகிதத்தையும் குறித்து வையுங்கள். விமான டிக்கெட்டை இதில் சேர்க்க வேண்டாம். பிறந்த வீட்டில் இருக்க வேண்டும் என்ற ஆசைக்காகப் போகும் பயணத்தை மருத்துவப் பயணம் என்று காட்ட முடியாது.

தெரியாமல் டயப்பர், உடை எல்லாம் அந்த அட்டையில் வாங்கிவிட்டேன்.

அப்படியே விட்டால் அந்தத் தொகைக்கு வருமான வரியும் மேலே 20 சதவீத அபராதமும் உண்டு. நியாயமான காரணத்தால் நேர்ந்த தவறு என்றால், தெரிந்த வருடத்துக்கு அடுத்த ஏப்ரல் 15-க்குள் பணத்தைத் திருப்பிப் போட வழியிருக்கிறது. ஏற்பதா வேண்டாமா என்பது நிர்வாகியின் விருப்பம்; உடனே போன் செய்து அதற்கான படிவத்தைக் கேளுங்கள். இன்னொரு வழி, அட்டையைத் தொடவே தொடாமல் எல்லாவற்றையும் சாதாரண கார்டில் வாங்கி, செல்லும் சாமான்களின் தொகையை மட்டும் மாதக் கடைசியில் எச்எஸ்ஏவிலிருந்து எடுத்துக்கொள்வது. கைக்குழந்தையோடு தூக்கமில்லாமல் கடைக்குப் போகும் நாட்களில் நான் சிபாரிசு செய்வது இதைத்தான்.

பிரசவ விடுப்பில் வேலை போய்விட்டால்?

கணக்கில் இருக்கும் பணம் எங்கும் போகாது. மருத்துவச் செலவுக்கு எடுத்துக்கொண்டே இருக்கலாம். தகுதியுள்ள இன்ஷூரன்ஸ் இல்லாத மாதங்களுக்குப் புதிதாகப் போட முடியாது, அவ்வளவுதான். பிரீமியம் கட்டக் கூடாது என்று மேலே சொன்னதற்கு இங்கே விலக்கு இருக்கிறது. பழைய கம்பெனியின் இன்ஷூரன்ஸை, வேலை போனபின்னும் நாமே பிரீமியம் கட்டித் தொடர வழிசெய்யும் கோப்ரா சட்டம் மூலம் தொடர்ந்தால், அந்தப் பிரீமியத்தை எச்எஸ்ஏவில் கட்டலாம். வேலையிழப்பு உதவித்தொகை வாங்கும் காலத்தில் எடுக்கும் மருத்துவ இன்ஷூரன்ஸ் பிரீமியமும் செல்லும். கோப்ராவில் சேர 60 நாள் அவகாசம் உண்டு, அதற்குள் படிவத்தை அனுப்பிவிடுங்கள்.